மறு: மறு: அவசரம் – இந்த மூளைநோய்க்குத் தமிழில் என்ன சொல்?

கும்பகோணம், செவிலியர் பயிற்றுநர்:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். நோயாளியின் வீட்டாருக்கானது. விஷயம் இதுதான்: ஹாஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே தைராய்டுச் சுரப்பியைத் தாக்குகிறது (நான் 'தன்தாக்கு நோய்' என்று எழுதியிருக்கிறேன்). மிக அரிதாகச் சிலருக்கு அதோடு மூளையும் பாதிக்கப்படும். குழப்பம், மறதி, கைநடுக்கம், வலிப்பு, உடம்பு திடீர் திடீரென்று வெட்டி உதறுவது, பக்கவாதம் போல வந்து போவது, சிலருக்கு இல்லாத குரல் கேட்பது. ஸ்டீராய்டு கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடுகிறார்கள்.

பாபநாசம் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவை வீட்டார் முதலில், மனநோய் தீரும் என்று நம்பிப் போகும் குணசீலம் கோயிலுக்குத்தான் அழைத்துப் போயிருந்தார்கள். நான் 'மூளைக்கோளாறு' என்று எழுதிக் காட்டியதும், "அப்ப எங்கம்மாவுக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடுக்குறீங்களா?" என்று மகன் கேட்டுவிட்டார். வேறு சொல் வேண்டும்.

மன்னார்குடி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, முதலில் அந்த 'ஹா'வையும் 'ஷி'யையும் எடுங்கள். 'வடசொற் கிளவி வடஎழுத்து ஒரீஇ' என்று தொல்காப்பியர் சொன்னது சப்பானியச் சொல்லுக்கும் பொருந்தும். ஆசிமோட்டோ. இரண்டாவது, தன் + தாக்கு வேற்றுமையில் தற்றாக்கு ஆகும். தற்கொலை, தற்காப்பு போல.

மூன்றாவது, தைராய்டு. கிரேக்கத்தில் நீள்கேடயம் போன்றது என்று பொருள். 1656இல் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் வைத்த பெயர். கேடயச் சுரப்பி என்று முன்பே மொழிபெயர்த்துவிட்டார்கள், ஆனால் கேடயம் வடசொல். நமக்குக் கிடுகு இருக்கிறது. பட்டினப்பாலையில் கிடுகை நிரைத்து வேலை ஊன்றிய நடுகல் அரணைப் போல, தூண்டில் கோல்கள் சார்த்திய பரதவர் குடிசைகள் இருந்தன என்று வருகிறது. நம் காவிரிப்பூம்பட்டினத்துச் சொல். எனவே கிடுகுச் சுரப்பி.

நீடாமங்கலம், விவசாயம்:

ஐயா, கிடுகு என்றால் பந்தல் போடுகிற கீற்று என்றுதான் பலருக்குத் தெரியும். கழுத்தில் கீற்று சுரக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். எங்கள் தெருவில் பாதிப் பேர் "எனக்குத் தைராய்டு இருக்கு" என்கிறார்கள். தைராய்டு எல்லாருக்கும்தான் இருக்கிறது, அது வேறு! ஆனால் சொல் ஊருக்குள் வந்துவிட்டது. அதை விடுங்கள்.

தற்றாக்கு வேண்டாம். தற்கொலை மாதிரியே காதில் விழுகிறது. காவலே எதிரியாவதற்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறதே, வேலியே பயிரை மேய்ந்தது என்று. 'வேலிமேய் நோய்' என்றால் எங்கள் அப்பாயிக்கும் புரியும்.

திருவையாறு, கல்லூரி ஆசிரியை:

தம்பி, கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வேலிமேய் நோயை எப்படிப் பிரிப்பீர்கள்? வேலி மேயும் நோயா, வேலியை மேயும் நோயா? வேலியை, அதாவது எதிர்ப்பாற்றலையே, மேய்ந்தால் அது எய்ட்ஸ். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். போதாததற்கு, கூரை வேய்வதையும் நம் பக்கம் 'மேய்வது' என்றுதான் சொல்கிறோம். ஐயாவின் கிடுகை வைத்து உங்கள் வேலியை மேய்ந்துவிடலாம்!

அப்புறம், நஞ்சை வயலுக்கு ஏது வேலி? வரப்புதானே. இங்கே வேலி என்றால் நில அளவு. மா என்பது இருபதில் ஒன்று, அதனால்தான் இருபது மா ஒரு வேலி. பழைய மிராசுதார் வீட்டில் போய் வேலிமேய் நோய் என்று சொன்னால் ஆறரை ஏக்கருக்கு மேல் போய்விட்டது என்று அழுவார்கள்.

நீடாமங்கலம்:

அக்கா, தோட்டத்துக்கு வேலி உண்டு. எங்கள் கொல்லையில் கிளுவை வேலி இருக்கிறது. வந்து பாருங்கள்.

தஞ்சாவூர், மருத்துவர்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், வேலிக்குள் மூளையைத் தொலைத்துவிட்டோம். ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் நான்கு பெண்களின் சுரப்பியை ஆராய்ந்து ஜெர்மன் மொழியில் எழுதினார். மூளைப் பாதிப்பை அதோடு சேர்த்து 1966இல் எழுதிய நரம்பியல் மருத்துவரின் பெயரே பிரெயின் பிரபு. ஐயா அதையும் 'மூளைப் பிரபு' ஆக்கிவிடக் கூடாது.

சொல்லுக்கு என் பக்கத்திலிருந்து இரண்டு நிபந்தனை. 'மூளை அழற்சி' என்று வைக்காதீர்கள், அது வேறொரு நோய்க்குரிய சொல். அடுத்தது, 'தைராய்டால் வரும்' என்று எழுதாதீர்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் தைராய்டுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். ஆனால் அதே எதிர்ப்பொருள் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் இருக்கிறது. அதுதான் மூளையைத் தாக்குகிறது என்பது நிறுவப்படவில்லை. தைராய்டு ஹார்மோன் அளவு சரியாக இருக்கும்போதே இந்த நோய் வருவதுண்டு. தொற்று, பக்கவாதம் போன்ற மற்றவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுத்தான் இதற்கு வருகிறோம். இப்போதைய நீண்ட ஆங்கிலப் பெயரே 'தன்தாக்குத் தைராய்டு அழற்சியோடு சேர்ந்து வரும், ஸ்டீராய்டுக்கு இணங்கும்' என்றுதான் போகிறது.

திருவையாறு:

அப்படியானால் இலக்கணம் தயாராக இருக்கிறது, டாக்டர். ஆலும் ஒடுவும் மூன்றாம் வேற்றுமைதான். ஆல் கருவி அல்லது கருத்தா, ஒடு உடனிகழ்ச்சி. உங்களுக்கு வேண்டியது ஒடு. தைராய்டோடு வரும்…

என்ன வரும் என்பதுதான் பாக்கி.

நீடாமங்கலம்:

கலக்கம். மூளைக்கலக்கம். ஜூன் 12இல் மேட்டூர் திறந்தால் புதுத்தண்ணீர் கலங்கித்தான் வரும், அப்புறம் தெளியும். இதுவும் தெளிகிற நோய்தானே. 'ஸ்டீராய்டுக்கு இணங்கும்' எதற்கு? மாத்திரைக்குக் காய்ச்சல் கேட்கவில்லை என்கிறோமே. 'ஸ்டீராய்டுக்குக் கேட்கும் மூளைக்கலக்கம்' என்று எழுதுங்கள்.

தஞ்சாவூர்:

'கேட்கும்' நூற்றுக்கு நூறு. நான் தினம் வார்டில் சொல்வதே அதுதான். கலக்கத்தைக் கல்லீரல் கெட்டு நினைவு தடுமாறுகிறதே, அதற்கும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாருக்கும் தெளியும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிலருக்கு மருந்தைக் குறைக்கும்போது திரும்ப வரும்.

மன்னார்குடி:

உடன்பட மாட்டேன். மனக்கலக்கம், வயிற்றுக்கலக்கம் வரிசையில் இதையும் வைத்தால் நாலு நாள் கஷாயம் போதும் என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். வலிப்பு வரைக்கும் போகிற நோய்க்குக் கலக்கம் போதாது. 'மூளைத்திரிபு' என்பேன். கிடுகையும் நான் திரும்பப் பெறவில்லை.

திருவையாறு:

ஐயா, திரிபு என்றால் அந்த மகன் மறுபடி சண்டைக்கு வருவார்.

கும்பகோணம்:

எல்லாருக்கும் நன்றி. வியாழன் இரவு பதினொரு மணி வரை பார்த்துவிட்டு, 'தைராய்டு நோயோடு அரிதாக வரும் மூளைக்கலக்கம்' என்று தலைப்பிட்டுக் கொடுத்துவிட்டேன். முதல் வரியே, 'இது பைத்தியம் அல்ல. பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கேட்கும்.' ஐயா சொன்னதற்காக, 'வீட்டில் வைத்துக் காத்திருக்க வேண்டாம், வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே மருத்துவமனை' என்று தடித்த எழுத்தில் சேர்த்தேன். தன்தாக்கு அப்படியே இருக்கிறது. ஹாஷிமோட்டோவைப் பெயரே சொல்லாமல் விட்டுவிட்டேன், சண்டை மிச்சம்.

ஒரே வருத்தம். அச்சகத்தில் 'க்' என்ற ஒற்றைத் தின்றுவிட்டார்கள். ஐநூறு பிரதியிலும் 'மூளை கலக்கம்'.

மன்னார்குடி:

க் போனால் மூளையே கலக்குகிறது என்று எழுவாய்த்தொடராக அல்லவா படிப்பார்கள்! அடுத்த பதிப்பு எப்போது? மெய்ப்பை எனக்கு அனுப்புங்கள். கிடுகைப் பற்றி அப்போது பேசுவோம்.