இரண்டு நாள், இருவர் மட்டும்: மலாக்காவா, பாத்தாமா?

கேட்டவர்: ஜூரோங் வாசி

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். மனைவி பாலர் பள்ளி ஆசிரியை. அக்டோபர் முதல் வார இறுதியில் எங்களுடைய ஆறாவது திருமண நாள் வருகிறது.

தாலி கட்டிய நாற்பதாம் நாள் நான் விமானம் ஏறிவிட்டேன். இரண்டரை ஆண்டு கழித்துத்தான் அவள் இங்கே வந்து சேர்ந்தாள். விடுமுறை கிடைத்தால் மன்னார்குடிக்குப் போவோம். அங்கே காதுகுத்து, கிரகப்பிரவேசம் என்று வீடு நிறைய ஆட்கள். போன மாதம் கடைக்குப் போய்த் திரும்பும்போது, "நாம் இரண்டு பேரும் ஒரு புது ஊரில் சேர்ந்து நடந்ததே இல்லை, இல்லையா?" என்று கேட்டாள். குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

சனி, ஞாயிறு மட்டும்தான் முடியும். கையில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) இருக்கிறது. இருவருக்கும் இந்தியக் கடவுச்சீட்டு. அவளுக்குப் பழைய வீடுகள் என்றால் உயிர். புரட்டாசி என்பதால் முட்டைகூடச் சேர்க்க மாட்டாள். சனிக்கிழமை காலையில் பெருமாளுக்கு விளக்கேற்றாமல் தண்ணீர் குடிக்க மாட்டாள். எங்கே அழைத்துப் போகலாம், மலேசியாவின் மலாக்காவுக்கா, இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பீஷான் நண்பர்

பாத்தாம் போங்கள் தம்பி. ஹார்பர்ஃபிரண்டில் படகு ஏறினால் ஒரு மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கடற்கரை விடுதியில் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். ஆனால் இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே இறங்கியதும் விசா எடுக்க வேண்டும், ஆளுக்கு 5,00,000 ரூபியா. பழைய வீடுகள் பார்க்க அது ஊர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்: ஈசூன் அம்மா

தம்பி, மலாக்காவுக்கே கூட்டிப் போங்கள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். பிள்ளைகள் பெரியவர்களான பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது நானும் அவரும் மலாக்காவில் ஓர் இரவு தங்கிவிட்டு வருகிறோம். ஊர் சிறியது, எல்லாம் நடக்கிற தூரம்.

வெள்ளிக்கிழமை மாலை மட்டும் கிளம்பாதீர்கள். நான்கு மணி நேரப் பயணம் அன்றைக்கு ஏழு மணி நேரமாகிவிடும். சனிக்கிழமை நான்கரை மணிக்கு எழுந்து உங்கள் மனைவி விளக்கேற்றட்டும். முதல் பேருந்தைப் பிடியுங்கள். நீங்கள் ஜூரோங்கில் இருப்பதால் துவாஸ் எல்லை வழியாகப் போகிற பேருந்தே வசதி. கிளம்புவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையை இருவருக்கும் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பரிலிருந்து 30 நாள் வரை விசா தேவையில்லை என்று ஆக்கியிருக்கிறார்கள். இருந்தாலும் டிக்கெட் எடுக்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். குடிநுழைவில் இறங்கும்போது பேருந்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பையை இருக்கையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எங்களை ஒருமுறை பேருந்து விட்டுவிட்டுப் போயேவிட்டது. அவர் முதுகுவலியோடு அடுத்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் நின்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

அடுத்தது தங்கும் இடம். இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆற்றுக்கு மேற்கே ஜோங்கர் தெருவைச் சுற்றிய பழைய கடைவீடுகளில் பல இப்போது தங்கும் விடுதிகள். வீட்டின் முகப்பு ஒடுக்கமாக இருக்கும், உள்ளே போனால் நீண்டுகொண்டே போகும், நடுவில் வானம் பார்த்த முற்றம் இருக்கும். உங்கள் வீட்டுக்காரிக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். ஆனால் நடுவில் இருக்கும் அறைகள் சிலவற்றுக்கு ஜன்னலே கிடையாது. படத்தைப் பார்த்துப் பணம் கட்டி, முதல் தடவை நான் அப்படி ஓர் அறையில் மாட்டிக்கொண்டேன். பொழுது விடிந்ததே தெரியவில்லை. "முற்றத்தையோ ஆற்றையோ பார்த்த ஜன்னல் உண்டா?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். போன ஆண்டு எங்கள் அறைக்கு 260 ரிங்கிட் ஆனது. வெளிநாட்டவருக்கு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனி. ஒரு வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் 500 வெள்ளி தாராளம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பட்டியல் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். 2008இல் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வந்த பிறகு பகலில் எங்கும் கூட்டம். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை சுற்றுலாப் பேருந்துகளின் நேரம், அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். வெயிலில் ஒரு செண்டோல் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போய்ப் படுங்கள். தேங்காய்ப் பால், பாண்டான் இலைச் சாறு, தென்னங்கருப்பட்டிப் பாகு எல்லாம் சைவம்தான். ஐந்தரைக்குப் புறப்பட்டு செயின்ட் பால் குன்றில் ஏறுங்கள். 1521இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயம் கூரை இல்லாமல் நிற்கிறது. கோவாவில் இருக்கும் சவேரியாரின் உடல் 1553இல் சில மாதங்கள் இங்கேதான் புதைக்கப்பட்டிருந்தது. அந்தச் சுவரோரம் உட்கார்ந்தால் ஜலசந்தி தெரியும். பேசாமல் உட்காருங்கள், போதும்.

இரவில் ஜோங்கர் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டுமே. அரை மணி நேரம் நடந்துவிட்டு ஆற்றங்கரைக்கு இறங்கிவிடுங்கள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கட்டாயம் எழுப்பிக் கூட்டிப் போங்கள். பொற்கொல்லர் தெரு, மலாயில் ஜாலான் துக்காங் எமாஸ். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அங்கே இருக்கிறது. சில அடி தள்ளி 1748இல் நம் ஊர்ப்பக்க முஸ்லிம் வணிகர்கள் தொடங்கிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். அடுக்கடுக்கான கூரை, சீனப் பகோடா போல ஒரு கோபுரம். இன்னும் கொஞ்சம் நடந்தால் செங் ஹூன் தெங் சீனக் கோயில். அந்த நேரத்தில் தெருவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். சாம்பிராணியும் ஊதுவத்தியும் சேர்ந்த ஒரு மணம் வரும். என் கணவர் வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவில் என் கையைப் பிடித்தது அங்கேதான். அப்போது எனக்கு ஐம்பது வயது.

திரும்பும்போது பகல் ஒரு மணிப் பேருந்தைப் பிடியுங்கள். ஞாயிறு மாலை சிங்கப்பூரே திரும்பி வரும்.

பதில்: காஜா பேராங்

நான் மலாக்காவிலேயே பிறந்தவன். அம்மா சொன்னது அத்தனையும் சரி. சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். சீன, மலாய்ச் சமையல் கலந்த நியோன்யா சமையலில் கீரைக்கும் கத்தரிக்காய்க்கும்கூட பெலாச்சான் போடுவார்கள், அது இறால் விழுது. "காய்கறிதான்" என்று கடைக்காரர் சொன்னால் அதோடு விடாதீர்கள். "பெலாச்சான் வேண்டாம்" என்று தனியாகச் சொல்லுங்கள். ஆற்றுக்குக் கிழக்கே லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு கிடைக்கும். ஓண்டே ஓண்டே வாங்கிக் கொடுங்கள். நம் கொழுக்கட்டையின் தங்கச்சி மாதிரி இருக்கும், கடித்தவுடன் கருப்பட்டிப் பாகு வாயில் உடையும். அன்னாசி டார்ட்டில் முட்டை உண்டு, கவனம்.

நேரம் இருந்தால் எங்கள் பக்கம் காஜா பேராங்குக்கும் வாருங்கள். மலாக்காச் செட்டிகளின் கிராமம் இங்கே இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வாணிகத்துக்கு வந்த தமிழர்கள் இங்குள்ள பெண்களை மணந்து உருவான குடும்பங்கள் இவை. வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது சாரோங் கெபாயா, கும்பிடுவது மாரியம்மனையும் விநாயகரையும். போகிக்கு முன்னோருக்கு வாழையிலையில் படையல் வைப்பார்கள், அதை பார்ச்சு என்பார்கள். தமிழ் பேச்சிலிருந்து போய்விட்டது, படையல் போகவில்லை. சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஜூரோங் வாசி மீண்டும் எழுதியது

நேற்றிரவு திரும்பிவிட்டோம். நன்றி சொல்லாமல் படுக்க மனம் வரவில்லை.

ஈசூன் அம்மா, ஜன்னலைப் பற்றி நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் கேட்டிருக்கவே மாட்டேன். மாடியில் முற்றத்தைப் பார்த்த அறை கிடைத்தது. சனிக்கிழமை மூன்று மணிக்கு நல்ல மழை. கீழே முற்றத்தில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்ததும் அவள் இறங்கிப் போய்ப் படியில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டாள். அவளுடைய பாட்டி வீட்டு முற்றத்தை, அது விற்றுப்போன கதையை, தாத்தா மழை பிடிக்க வைத்த அண்டாவைப் பற்றியெல்லாம் சொன்னாள். ஆறு ஆண்டுகளில் இதில் ஒன்றுகூட நான் கேட்டதில்லை. குன்றுக்கு நாங்கள் போகவில்லை. ஆற்றில் படகிலும் ஏறவில்லை. இருட்டும்வரை அங்கேயே இருந்தோம்.

ஞாயிறு காலை பொற்கொல்லர் தெருவுக்குப் போனோம். விநாயகர் கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து காஜா பேராங் போய்விட்டுத்தான் பேருந்து ஏறினோம்.

காஜா பேராங் அண்ணா, அவள் ஒன்று கேட்கச் சொன்னாள். போகிக்குச் செட்டிகள் வைக்கும் படையலைப் பார்க்க வெளியாட்கள் வரலாமா? வரலாம் என்றால் ஜனவரியில் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.