புதுப்பிப்பு: அம்மாவின் டூவீலர் டெஸ்டுக்கு ஸ்லாட் கிடைத்துவிட்டது

அம்மாவின் எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) காலாவதியாகப் போகிறது, ஓட்டுநர் உரிமத்துக்கான அரசின் சாரதி தளத்தில் டெஸ்ட் ஸ்லாட்டே காட்டவில்லை, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்லாட் கிடைத்துவிட்டது!

"ஒருமுறை பார்த்துவிட்டு விடாதீர்கள், யாராவது தேதி மாற்றினால் இடம் காலியாகும்" என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. தினமும் காலையில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அடுத்த வாரத்திலேயே ஒரு நாள் பச்சையாகத் தெரிந்தது, உடனே எடுத்துவிட்டேன். புரோக்கர் வழியாகப் போகவே இல்லை. அந்தப் பணத்துக்கு அம்மாவுக்கு நல்ல ஹெல்மெட் வாங்கினோம்.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு: எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் முடிந்த பிறகுதான் டெஸ்டுக்குப் போக முடியும். அது செல்லுபடியாவது 6 மாதம். கடைசி மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள். ஃபெயிலானால் 7 நாள் கழித்துத்தான் மறுபடி போகலாம் என்பதால் அந்த இடைவெளியும் வேண்டும். ஓட்டிக் காட்டப்போகும் வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

தெருமுனை மைதானத்தில் சுண்ணாம்பில் 8 வரைந்து வைத்திருக்கிறோம். காலை ஊன்றாமல் அம்மா சுற்றிவருகிறார். இடது வளைவில் மட்டும் இன்னும் கொஞ்சம் தடுமாற்றம். அதற்கு யாரிடமாவது யோசனை இருந்தால் சொல்லுங்கள்.