புதுப்பிப்பு: மலேசியாவில் இலங்கைக் காட் வேலை செய்ததா?

கிளிநொச்சியில் இருந்து பத்து நாள் கோலாலம்பூர் போகிறேன், காசாகக் கொண்டுபோவதா, வங்கிக் காட்டை நம்புவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. போய் வந்தாயிற்று.

வெளிநாட்டுப் பாவனையைத் திறந்துவிடும்படி வங்கியில் சொல்லச் சொன்ன தம்பி பிழைக்க வைத்தார். என் காட்டில் அது மூடித்தான் கிடந்தது.

அடுத்தது ஏ.டி.எம். திரை. இலங்கை ரூபாயில் கணக்குக் காட்டிச் சம்மதமா என்று கேட்டது. வவுனியா அக்கா எழுதியபடி மறுத்து, மலேசியக் காசான ரிங்கிட்டையே தெரிவுசெய்தேன். சம்மதித்தால் அந்த இயந்திரக்காரர் தங்கள் விகிதத்தைப் போடுவார்கள்; அநேகமாக நட்டம்தான். மறுத்தாலும் காசு வரும், பயப்பட வேண்டாம். ஒவ்வொரு தடவையும் கட்டணம் வெட்டுவார்கள் என்பதால் மொத்தமாக இரண்டு தடவைதான் எடுத்தேன்.

யாரும் சொல்லாதது, கையில் கொண்டுபோன டொலர் தாள் விஷயம். ஒரு 100 டொலர் தாளின் மூலையில் யாரோ நீல மையில் எண் ஒன்று கிறுக்கியிருந்தார்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் காசு மாற்றும் கடைக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது வேணாம் அண்ணே" என்று தள்ளிவிட்டார். தாள் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. வாங்கும்போதே சுத்தமான தாளாகக் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் ரோமிங், அதாவது இலங்கை சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் வசதி. அதைத் திறக்காமல் போனது என் மடத்தனம். பினாங்கு பஸ்ஸுக்கு ஒன்லைனில் கட்டப் பார்த்தால், உறுதிப்படுத்தும் இலக்கம் இலங்கை சிம்முக்குத்தான் வரும். வரவே இல்லை. கடைசியில் மச்சான் தன் காட்டில் கட்டினார்.