கிணற்றங்கரையில் கோரலைனுக்குத் துணை எதற்கு?

நூலகத்து மூலை:
சிறுவர் பேய்க்கதை இழையில் திரைப்பித்தன் ஒரு வரி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "வைபி வரலேன்னா அந்தக் கை கோரலைனைக் கொன்னிருக்கும்." கதை தெரியாதவர்களுக்கு: கோரலைன் என்ற சிறுமி ஒரு கதவைத் திறந்து இன்னொரு வீட்டுக்குள் போகிறாள்; அங்கே அவள் அம்மாவைப் போன்ற ஒரு பொத்தான் கண்காரி அவளைப் பிடித்துவைக்கப் பார்க்கிறாள். கோரலைன் தப்பி வந்த பிறகும் அந்தப் பொத்தான் கண்காரியின் துண்டான கை, கதவின் கறுப்புச் சாவியைத் தேடி வருகிறது. தம்பி, நீல் கெய்மனின் "கோரலைன்" நாவலில் வைபி என்று ஒரு பையனே கிடையாது. நாவல் வந்தது 2002-ல். 2009-ல் ஹென்றி செலிக் படமாக்கியபோது சேர்த்த பாத்திரம் அவன். நாவலில் கிணற்றங்கரையில் அவள் தனி ஆள். அதைப் படிக்காமல் அவள் துணிச்சலை எடை போடாதீர்கள்.

திரைப்பித்தன்:
அக்கா, நான் படத்தைத்தான் சொன்னேன். பேச்சுத் துணைக்கு ஒருத்தன் இல்லேன்னா படம் முழுக்க அவ தனக்குத்தானே பேசிட்டுத் திரியணும். அதுக்காகத்தான் செலிக் வைபியைக் கொண்டுவந்தார். அவன் கல்லைப் போட்டுக் கையை நொறுக்கினா அவ துணிச்சல் எங்கே குறைஞ்சுது?

நூலகத்து மூலை:
அங்கேதான் குறைந்தது. நாவலில் அவள் செய்வதைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். கிணற்றை மூடியிருக்கும் கனத்த பலகைகளை ஒவ்வொன்றாக நகர்த்துகிறாள். வாய்மேல் காகித மேசைவிரிப்பை விரிக்கிறாள். ஓரம் நழுவாமலிருக்கச் சுற்றிலும் பொம்மைக் கோப்பைகளை வைத்து, கனத்துக்காக அவற்றில் தண்ணீர் ஊற்றுகிறாள். கறுப்புச் சாவியை நட்டநடுவில் வைக்கிறாள். கீழே வெறும் பள்ளம்! அந்தக் காகிதம் சாவியைத் தாங்க வேண்டும், பாய்ந்து வரும் கையைத் தாங்கக் கூடாது. பொம்மைகளோடு விருந்து விளையாடுவதுபோலக் குரல் கொடுத்துக்கொண்டு காத்திருக்கிறாள். கை சாவிமேல் பாய்கிறது, காகிதத்தோடு உள்ளே போகிறது. அவள் மெல்ல எண்ணுகிறாள். 40 வந்த பிறகுதான் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. இத்தனை கணக்கும் ஒரு சிறுமி போட்டது. அதைப் பிடுங்கி ஒரு பையன் கையில் கல்லாகக் கொடுத்துவிட்டார்கள்.

திரைப்பித்தன்:
பொறி வைக்கிறது புத்திசாலித்தனம். துணிச்சல் வேற. எலிக்குப் பொறி வைக்கிறவனை வீரன்னு யாரும் சொல்றதில்ல.

குட்டிவாசகி:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. படுக்கும்போது வாசித்துக் காட்ட எது சரி, எத்தனை வயசுக்கு? மொத்தம் 13 அத்தியாயம், ராத்திரிக்கு ஒன்று போதும்தானே?

நூலகத்து மூலை:
ராத்திரிக்கு ஒன்று என்று கணக்கு வைத்தால் 4-ஆம் அத்தியாய முடிவில் மாட்டிக்கொள்வீர்கள். தட்டில் கறுப்பு நூலும் வெள்ளி ஊசியும் இரண்டு பெரிய பொத்தான்களும் வைத்து, கண்ணில் தைத்துக்கொள்ளும்படி அந்தப் பொத்தான் கண்காரி சொல்லும் இடம் அது. அங்கே விளக்கை அணைத்தால் பிள்ளை தூங்காது. 5-ஆம் அத்தியாயத்தில் குளவிக் கதை வரும்வரை வாசியுங்கள். குளவிக்கூட்டை மிதித்ததும் கோரலைனை ஓடச் சொல்லிவிட்டு, கொட்டு வாங்கிக்கொண்டு அவள் அப்பா அங்கேயே நிற்கிறார். 39 கொட்டு. அப்போது அவருக்குப் பயமில்லை. விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க மறுபடி போனபோதுதான் பயம், அதனால் அதுதான் துணிச்சல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அங்கே நிறுத்துங்கள். திரைப்பித்தனும் அந்தப் பக்கத்தை வாசிக்கட்டும். கிணறும் அதே கணக்குத்தான். கை வரும் என்று தெரிந்தே போய்க் காத்திருக்கிறாள்.

குட்டிவாசகி:
ஆனால் அதே 5-ல்தானே வீட்டில் அப்பா அம்மாவைக் காணோம்? எட்டு வயதுப் பிள்ளைக்குப் பொத்தானைவிட அதுதான் பெரிய பயம். பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லாய்வன்:
தமிழில் சொல்லிக்கொண்டே வாசிப்பவர்கள் அந்தப் பொத்தான் கண்காரியை "மாற்றாந்தாய்" எனலாம். நல்ல சொல் கைவசம் இருக்கிறது.

நூலகத்து மூலை:
ஐயா, வேண்டவே வேண்டாம். மாற்றாந்தாய் என்றால் அப்பாவின் இரண்டாம் மனைவி. பிள்ளை காதில் சித்தி கொடுமைக் கதையாகிவிடும். இவள் கிட்டத்தட்ட அம்மாவைப் போல இருக்கிறாள், இன்னும் நன்றாகச் சமைக்கிறாள், கண்ணோ பொத்தான். பயமே அந்த ஒற்றுமையில்தான் இருக்கிறது. "இன்னொரு அம்மா" என்றால் போதும்.

சொல்லாய்வன்:
"இன்னொரு" என்றால் எண்ணிக்கை. "மறு அம்மா" என்றாவது சொல்லுங்கள். அது இருக்கட்டும், "கோரலைன்" என்பதே தப்பு. "கொராலின்" என்று எழுத வேண்டும்.

நூலகத்து மூலை:
மேல்மாடித் தாத்தாவும் கீழ்வீட்டுப் பாட்டிகளும் அவளைக் கரோலைன் என்றே கூப்பிடுகிறார்கள், அவள் திருத்திக்கொண்டே இருக்கிறாள். கரோலைன் என்று தட்டச்சு செய்யப்போய் எழுத்து மாறி வந்த பெயர் அது என்று கெய்மனே சொல்லியிருக்கிறார். கரோலைனை ஒட்டித்தான் கோரலைன் என்கிறோம்.

திரைப்பித்தன்:
பெயருக்கு வந்தாச்சு. என் கேள்விக்குப் பதில் வரல. பொறி எப்படித் துணிச்சலாகும்?

நூலகத்து மூலை:
பதில் சொல்லியாயிற்று. கை பின்னாலேயே வருகிறது என்று தெரிந்தும் அவள் ஓடவில்லை. பொம்மைகளுக்குத் தேநீர் ஊற்றுவதாக விளையாடிக்கொண்டு காகிதத்தின் பக்கத்தில் நிற்கிறாள். கை பாய்கிறவரை நின்றாக வேண்டும், இல்லையென்றால் பொறியே வேலை செய்யாது.

திரைப்பித்தன்:
படத்துலயும் அவ நிக்கத்தான் செய்றா.

நூலகத்து மூலை:
நிற்கவில்லை தம்பி. சாவியைக் கிணற்றில் வீசத்தான் போகிறாள், கை அவளை இழுக்கிறது, பையன் வந்து காப்பாற்றுகிறான். நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசித்துவிட்டு வாருங்கள்.

குட்டிவாசகி:
எட்டா பத்தான்னு இன்னும் யாரும் சொல்லலையே?