பறக்கும் நிலையில் ஸ்பிட்ஃபயர்: விமானி உருவத்துக்கு வண்ணமும் தாங்கு கம்பியும்

கேள்வி

வணக்கம். 1/72 அளவில் (உண்மையானதில் 72இல் ஒரு பங்கு) ஸ்பிட்ஃபயர் மார்க் 1 என்ற பிரிட்டிஷ் போர்விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். 1940ஆம் ஆண்டுக் கோடையில் தென் இங்கிலாந்தின் வானில் பறந்த தோற்றத்தில், சக்கரங்களை உள்ளிழுத்து, இடப்பக்கம் சாய்ந்து திரும்பும் நிலையில் ஒரு கம்பியின் மேல் அதை நிறுத்த விரும்புகிறேன். ஆளில்லாத இருக்கையோடு ஒரு போர்விமானம் பறப்பதை என் கண் ஏற்பதில்லை என்பதால் விமானி கட்டாயம் இருக்க வேண்டும். அவருடைய உடைக்குரிய நிறங்கள் எவை, அத்தனை சிறிய உருவம் கண்ணாடி மூடிக்குள் தெளிவாகத் தெரிய எப்படித் தீட்டுவது, கம்பியை எவ்விடத்தில் பொருத்துவது என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

கம்பியைப் பற்றி நான் சொல்கிறேன். உண்மையான ஸ்பிட்ஃபயரில் விமானிக்கு முன்னால், கருவிப் பலகைக்கும் எஞ்சினுக்கும் நடுவே, பெட்ரோல் தொட்டிகள் இருந்தன. பிளாஸ்டிக் கிட்டில் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும். கம்பி ஏறும் குழாயை விமானி அறைக்கு இடையூறில்லாமல் மறைப்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஆனால் மாதிரியின் மூக்கில் எஞ்சினின் எடை இல்லாததால் சமநிலைப் புள்ளி சற்றுப் பின்னால் தள்ளியிருக்கக்கூடும். ஆகவே உடற்பகுதியையும் இறக்கையையும் ஒட்டுநாடாவால் சேர்த்து, விரல்நுனியில் நிறுத்திப் பார்த்த பிறகே துளையிடுங்கள்.

வட்டக் கம்பியைவிடச் சதுரப் பித்தளைக் கம்பியும் அது நுழையும் சதுரக் குழாயும் மேலானவை. வட்டக் கம்பியில் விமானம் நாளடைவில் தானாகச் சுழன்று திசை மாறிவிடும். குழாயை வயிற்றுப் பகுதிக்குச் செங்குத்தாக எபாக்ஸி பசையால் உள்ளே பதித்துவிட்டு, சாய்வு வேண்டிய அளவுக்குக் கம்பியை வெளியே வளைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மனம் மாறினால் கம்பியை மட்டும் மாற்றினால் போதும். வண்ணம் தீட்டும்போதும் அதே கம்பி கைப்பிடியாகப் பயன்படும். அடிப்பலகை எங்கே முடிகிறது என்பதைவிட விமானத்தின் எடை எங்கே இறங்குகிறது என்பதைக் கவனியுங்கள். அது பலகையின் எல்லைக்குள் விழ வேண்டும்.

மறுமொழி 2

175 செ.மீ. உயரமுள்ள ஒருவர் இந்த அளவில் ஏறத்தாழ 24 மி.மீ. மட்டுமே வருவார். அதனால் வண்ணத்துக்கு முன் உருவத்தை இருக்கையில் அமர்த்தி, மூடியை வைத்துப் பாருங்கள். தலை முட்டினால் அடிப்பகுதியை அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். அதன் பிறகு தலையைக் கழுத்தில் மெல்லிய ரம்பத்தால் அறுத்து, இடப்பக்கம் திருப்பி ஒட்டுங்கள். விமானம் இடப்பக்கம் திரும்பும்போது விமானி நேராக முன்னே வெறித்துக்கொண்டிருந்தால், நீங்கள் எவ்வளவு நுட்பமாக வண்ணம் தீட்டினாலும் அவர் பொம்மையாகவே தெரிவார். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு மாற்றம் மற்ற எல்லா வேலைகளையும்விட முக்கியமானது.

நிறங்களைப் பொறுத்தவரை, சீருடை சாம்பல் கலந்த நீலம்; தலைக்கவசம் பழுப்புத் தோல்; ஆக்சிஜன் முகமூடி பச்சைத் துணி; காலணி கறுப்பு; வார்ப்பட்டைகள் மங்கிய வெண்பழுப்பு. உயிர்காப்பு அங்கியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அன்றைய 1932ஆம் ஆண்டு வகை அங்கி மங்கலான நிறத்திலேயே வழங்கப்பட்டது. கடலில் விழுந்தால் தேடுவோர் கண்ணில் படுவதற்காக விமானிகள் பலர் அதற்கு மஞ்சள் பூசிக்கொண்டார்கள். எனவே இரண்டுமே சரி. மஞ்சளைத் தேர்ந்தெடுத்தால், கையால் பூசியதுபோல் சற்றுச் சீரற்றதாக இருப்பது நல்லது.

கறுப்பு பிரைமர் (அடிப்பூச்சு) அடித்து, மேலிருந்து மட்டும் வெண்சாம்பல் நிறத்தை இலேசாகத் தூவினால், நிழல் எங்கே விழும் என்று உருவமே காட்டிவிடும். அதன் மேல் நீர்த்த அக்ரிலிக் வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். கண்ணாடி மூடி உள்ளிருப்பதை இருளடையச் செய்யும் என்பதால், ஒவ்வொரு நிறத்தையும் உண்மையைவிட ஒரு படி வெளிறியதாகவும், மடிப்புகளை ஒரு படி ஆழமாகவும் வைக்க வேண்டும். கண்களைத் தீட்ட முயல வேண்டாம். புருவத்தின் கீழ் ஒரு கரும்பழுப்பு நிழலும், மூக்குத்தண்டிலும் கன்னத்திலும் ஒளிப்புள்ளிகளும் போதும். மூடியை ஒட்டுவதற்கு வெண்பசையையே பயன்படுத்துங்கள். சயனோஅக்ரிலேட் பசையின் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படிந்து, இத்தனை உழைப்பையும் மறைத்துவிடும்.

மறுமொழி 3

மேலே சொன்னவற்றோடு பறத்தலின் முறைமையும் ஒத்துப்போக வேண்டும். இடப்பக்கம் சாயத் தொடங்கும் கணத்தில் இடது ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் தகடு) மேலேயும் வலது ஏலரான் கீழேயும் இருக்கும். சாய்வு நிலைபெற்ற பிறகு அவை ஏறக்குறைய நேர்நிலைக்குத் திரும்பிவிடும்; எலிவேட்டர் (வாலின் கிடைத்தளத்தில் அசையும் தகடு) மட்டும் சற்று மேல்நோக்கி இருக்கும். தாங்கள் காட்ட விரும்புவது நிலையான திருப்பம் என்றால் ஏலரான்களைத் தொட வேண்டியதில்லை. உயரம் குறையாமல் 60 பாகை சாய்ந்து திரும்பும் விமானி தம் எடையைப் போல் இரு மடங்கை உணர்வார். அத்தகைய சாய்வில் அவருடைய உடலும் இருக்கையில் அழுந்தியிருப்பது போல அமைய வேண்டும்.

பறக்கும் நிலையில் வயிற்றுப் பகுதியே அதிகம் பார்க்கப்படும். மார்க் 1 விமானத்தின் சக்கரக் கதவு சக்கரத்தை முழுவதும் மூடாது. டயரின் ஒரு பகுதி வெளியே தெரியும், ஆகவே அந்தக் குழியை இடைவெளி நிரப்பும் பூச்சால் (புட்டி) அடைத்துவிடாதீர்கள். வால்சக்கரம் உள்ளிழுக்கப்படாத வகை, அது இருக்கட்டும். வலது இறக்கையின் கீழ் ரேடியேட்டரும், இடது இறக்கையின் கீழ் சிறிய எண்ணெய்க் குளிர்விப்பானும் வரும். 1940 ஜூன் முதல் அடிப்பகுதிக்கு ‘ஸ்கை’ எனப்பட்ட வெளிர்பச்சை நிறம் வந்தது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. புரொப்பெல்லரைச் சுழல்வதுபோல் காட்ட என்ன வழி?

மறுமொழி 3

புரொப்பெல்லரின் அலகுகளை (சுழலும் இதழ்களை) வெட்டிவிட்டு, மூக்குக் கூம்பின் பின்னால் ஏறத்தாழ 45 மி.மீ. விட்டமுள்ள மெல்லிய அசிடேட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்) வட்டைப் பொருத்துங்கள். உண்மையான விமானத்தின் அலகு நுனிகளில் 4 அங்குலத்துக்கு மஞ்சள் பூசப்பட்டிருந்தது; எனவே வட்டின் விளிம்பில் ஒன்றரை மி.மீ. அகலத்துக்கும் குறைவாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், ஒரு மஞ்சள் வளையத்தை ஏர்பிரஷால் தூவினால் போதும்.