லோடு ஏத்துனா கேஸ் இன்ஜின் திணறுது

பேரையூர் மாட்டுக்காரன்:
அண்ணே, சாண எரிவாயுல ஓடுற 8 எச்.பி. இன்ஜின். பெல்ட் போட்டுப் பால் குளிரூட்டுற கம்ப்ரசரை ஓட்டுறேன். சும்மா விட்டா நிமிஷத்துக்கு 1500 சுத்துது. லோடு ஏத்துனதும் இழுத்து இழுத்து 1100-க்கு இறங்கிருது. காலையிலதான் ரொம்ப மோசம். பிளக் புதுசு. ஏர் ஃபில்டரும் தட்டியாச்சு.

திருமங்கலம் மெக்கானிக்:
முதல்ல பெல்ட்டைக் கழட்டி கம்ப்ரசரைக் கையால சுத்திப் பாருங்க. இறுக்கமா இருந்தா இன்ஜின் மேல பழி போடாதீங்க. பெட்ரோல் கார்புரேட்டர் கணக்குல காத்து விட்டுறாதீங்க. சாண வாயுல மீத்தேன் 55–60 சதம்தான், ஒரு பங்குக்கு ஐந்தரைப் பங்கு காத்துதான் வேணும். வாயுவும் காத்தும் கலக்குற மிக்சர்ல, காத்து வால்வைக் கொஞ்சங் கொஞ்சமா மூடிப் பாருங்க. பிளக் இடைவெளி அகலமா இருந்தாலும் லோடுல மிஸ் அடிக்கும்.

உசிலம்பட்டி அக்கா:
காலையிலன்னா தண்ணிதான் தம்பி. ராத்திரி குளிர்ல வாயுல இருக்குற ஈரம் கேஸ் ட்யூப்புக்குள்ள தண்ணியா இறங்கி, தாழ்வான இடத்துல தேங்கி வாயுவை மறிக்கும். எங்க வீட்டு அடுப்பே இப்படித்தான் புஸ்ஸு புஸ்ஸுன்னு எரிஞ்சுச்சு.

பேரையூர் மாட்டுக்காரன்:
அக்கா சொன்னதுதான்! கொட்டகைக்குப் பின்னாடி ட்யூப் தொங்குன இடத்துல ஒரு சொம்புத் தண்ணி, முட்டை அழுகுன நாத்தம். வடிச்சு விட்டதும் இப்போ லோடுல 1450. அந்த இடத்துல வடிகால் குழாய் ஒண்ணு வைக்கப் போறேன். பெல்ட்டும் தொளதொளன்னு இருந்துச்சுண்ணே, அதையும் இழுத்துக் கட்டிட்டேன்.