512 பைட் பூலில் 4கே டிஸ்க்: என்ன வழி?

வணக்கம் நண்பர்களே. என் இசட்எஃப்எஸ் (ஒரு ஃபைல் சிஸ்டம்) ரெய்டு-இசட்2 பூலில், அதாவது இரண்டு டிஸ்க் போனாலும் டேட்டா தாங்கும் டிஸ்க் தொகுப்பில், ஒரு ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. பழையவை எல்லாம் 512 பைட் செக்டர் (டிஸ்க் ஒரு தடவையில் எழுதும் மிகச் சிறிய துண்டு), ஆஷிஃப்ட் 9 (பூல் பயன்படுத்தும் செக்டர் அளவை 2-இன் அடுக்காகச் சொல்லும் எண்; 2^9 = 512). கையில் இருக்கும் மாற்று டிஸ்க் 4கே நேட்டிவ், அதாவது 4096 பைட் செக்டர் மட்டும்தான். ரீப்ளேஸ் கொடுத்தால், செக்டர் அலைன்மென்ட் வேறு என்று மறுக்கிறது. உருவாக்கிய வீடெவில் (பூலுக்குள் இருக்கும் டிஸ்க் குழு) ஆஷிஃப்டை மாற்றவும் முடியாது.

512இ டிஸ்க் (வெளியே 512 பைட் செக்டர் என்று காட்டிக்கொள்வது) என்றால், ஆஷிஃப்ட் 9 என்று குறிப்பிட்டு நுழைத்துவிடலாம். ஆனால் அதன் உள்ளே செக்டர் 4096 பைட். 512 பைட் எழுத வேண்டுமென்றாலும் முழுச் செக்டரையும் படித்து, திருத்தி, திரும்ப எழுதும். ரீசில்வர் (புது டிஸ்க்கில் டேட்டாவை மறுபடி நிரப்புவது) இதில் எவ்வளவு நேரம் இழுக்கும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், சில 4கே டிஸ்க்குகளை 512இ ஆக ஃபார்மேட் செய்யலாமே, யாராவது செய்திருக்கிறீர்களா? பூலையே ஆஷிஃப்ட் 12-இல் (4096 பைட்) புதிதாகக் கட்டுவது கடைசி வழி. அவ்வளவு டேட்டாவை நகர்த்த இப்போது இடமில்லை.